‘10 நாளில் 5 கிலோ’வும் நகராத முள்ளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘10 நாளில் 5 கிலோ குறையுங்கள்’ என்ற பாணியில் தலைப்புகள் பத்திரிகைகளின் நலவாழ்வுப் பக்கங்களில் வருடம் முழுவதும் வந்துகொண்டிருக்கின்றன. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடம்பில் சேர்ந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 5 கிலோவுக்கு 38,500. பத்து நாளில் அது கரைய வேண்டுமானால் தினமும் 3,850 கலோரி பற்றாக்குறை விழ வேண்டும். பெரும்பாலானோரின் உடம்பு நாள் முழுவதும் செலவழிப்பதே அதைவிடக் குறைவு. பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு பத்து நாள் கிடந்தாலும் கணக்கு உதைக்கிறது.

அப்படியும் சிலருக்கு முதல் பத்து நாளில் இரண்டு மூன்று கிலோ இறங்குவது உண்மைதான். இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் முதலில் காலியாகத் தொடங்குவது இந்தக் கிடங்குதான். கூடவே நீரும் வெளியேறும். குடலில் தங்கும் உணவும், உண்ணும் உப்பும் குறைவதால் இன்னும் கொஞ்சம் இறங்கும். இரண்டு மூன்று வாரங்களில் இந்த வரவு நின்றுவிடுகிறது. எடை மெஷினின் முள் நகர மறுக்கிறது, சில நாள் அரை கிலோ ஏறியும் காட்டுகிறது. ‘நம்ம உடம்புக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். முதல் வாரத்து எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடும் கட்டுரைகள், மூன்றாவது வாரத்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்வதில்லை. எடைக் குறைப்பு ஆலோசனைப் பணியில் இருப்பவர்கள் என்ற முறையில், விடுபட்ட அந்த வரியை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

தினமும் 500 கலோரி குறைத்து உண்பவருக்கு ஒரு நாளில் கரையும் கொழுப்பு சுமார் 65 கிராம். அதே நாளில் நீரும் உப்பும் குடலில் உள்ளதும் சேர்ந்து எடையை ஒரு கிலோ வரை மேலும் கீழும் ஆட்டும். சிலருக்கு இரண்டு கிலோகூட. ஆடுகிற தராசில் குன்றிமணியை நிறுக்கப் பார்ப்பது போன்ற வேலை இது. சந்தேகம் இருப்பவர்கள் மெஷினில் ஏறி எடையைப் பார்த்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து உடனே மறுபடி ஏறிப் பார்க்கலாம். அரை கிலோ கூடியிருக்கும். அதில் கொழுப்பு ஒரு துளியும் இல்லை.

ஆட்டத்துக்கான காரணங்களில் உப்புதான் முதலில் நிற்கிறது. உடல் திரவத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 கிராம் என்ற விகிதத்தில் உப்பு இருக்க வேண்டும். வழக்கத்தைவிட 4, 5 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றி முடிக்கும் வரை அரை லிட்டர் நீர் உடம்பில் கோத்து நிற்கும். விருந்துக்கு மறுநாள் காலை ஏறும் ஒரு கிலோவில் இந்த நீரும், மீண்டும் நிரம்பிய கிளைகோஜனும், இன்னும் செரித்து முடியாத உணவுமே அதிகம். ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் 7,700 கலோரி தின்றிருக்க வேண்டும். அது அவ்வளவு எளிதல்ல!

அடுத்தது, புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி. பழக்கமில்லாத தசை பளு தூக்கினால் அதில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு, பழுது பார்க்கும் வேலைக்காக நீர் தேங்கும். தசை வலி உச்சத்தில் இருக்கும் இரண்டாம், மூன்றாம் நாளில் எடை கூடித் தெரிவது வழக்கமான விஷயம். பயிற்சி தொடங்கிய மாதத்தில் எடை இறங்கவில்லையே என்று பயிற்சியை நிறுத்துவோர் இதை அறிந்தால் நிறுத்த மாட்டார்கள். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் நீர் கோத்து அரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை ஏறலாம், பிறகு தானாக வடியும். அதனால் அவர்கள் இந்த மாதவிடாய்ச் சுழற்சியின் 7-ஆம் நாளைப் போன சுழற்சியின் 7-ஆம் நாளோடு ஒப்பிட வேண்டும், போன வாரத்தோடு அல்ல. மலச்சிக்கல், நீண்ட பயணம், தூக்கமில்லாத இரவு எல்லாம் இதே பட்டியலில் சேரும்.

இனி மெஷின். கம்பளம், மிதியடி மேல் வைத்தால் எண் தவறும். கெட்டியான, சமமான தரை வேண்டும். டிஜிட்டல் மெஷினை இடம் மாற்றினால் ஒருமுறை காலால் அழுத்திவிட்டு, பூஜ்யம் வந்து அணைந்த பிறகே ஏற வேண்டும். சில மெஷின்கள் முந்தைய எடையை நினைவில் வைத்துக்கொண்டு, சிறு வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் பழைய எண்ணையே காட்டும். ‘நான்கு நாளாக ஒரே எண்’ என்ற புகார் சில சமயம் இதனால்தான். கையில் கனமான பை ஒன்றோடு ஏறி இறங்கிவிட்டு, வெறுங்கையோடு மறுபடி ஏறினால் அந்த நினைவு அழியும். கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும் மெஷின்கள், உடம்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி அதற்கு உள்ள தடையை வைத்து மதிப்பிடுபவை. குடித்த தண்ணீரும் சிந்திய வியர்வையும் அந்த எண்ணை மாற்றிவிடும். அன்றாட ஏற்ற இறக்கத்தை அதில் பார்ப்பது வீண்.

நிறுக்கும் நேரம்: காலையில் எழுந்து, கழிவறை சென்று வந்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன், மிகக் குறைந்த உடையில். எண்ணைக் குறித்துவிட்டு மறந்துவிட வேண்டும். வாரக் கடைசியில் ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுக்க வேண்டும்.

ஏன் சராசரி என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. முதல் வாரம் திங்கள் தொடங்கி 82.4, 81.9, 82.8, 82.1, 81.7, 82.6, 82.3. சராசரி 82.26. இரண்டாம் வாரம் 82.2, 81.6, 81.5, 82.7, 82.0, 81.4, 82.1. சராசரி 81.93. ஏறக்குறைய 300 கிராம் இறங்கியிருக்கிறது, நல்ல வேகம்தான். ஆனால் இதே மனிதர் வியாழன்தோறும் மட்டும் நிறுத்திருந்தால் 82.1 போய் 82.7 வந்திருக்கும், மனம் உடைந்திருப்பார். புதன்தோறும் நிறுத்திருந்தால் 1.3 கிலோ குறைந்ததாகத் துள்ளிக் குதித்திருப்பார். இரண்டும் பொய். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் என்ற அறிவுரையில் எங்களுக்கு உடன்பாடில்லாததற்குக் காரணம் இதுவே. ஒரு விதிவிலக்கு உண்டு: எண்ணைப் பார்த்ததும் சாப்பாட்டையே தவிர்க்கத் தோன்றுபவர்களும், உண்ணுதல் சார்ந்த மனநலச் சிக்கல் முன்பு இருந்தவர்களும் மெஷின் பக்கம் போகாமல் இடுப்பளவை மட்டும் பார்ப்பது நல்லது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இஞ்ச் டேப் தரைக்கு இணையாக இருக்க, இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

நான்கு வாரச் சராசரியும் அசையவில்லை, இடுப்பளவும் மாறவில்லை என்றால்தான் அது தேக்கம். அதற்கு முன் எதையும் மாற்றக் கூடாது.

தேக்கத்துக்கு முதல் காரணம், கணக்கில் வராத உணவு. 1992-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எவ்வளவு குறைத்து உண்டும் எடை இறங்கவில்லை என்ற 10 பேரைச் சோதித்தார்கள். உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் அவர்கள் சொல்லியிருந்தது தெரிந்தது. அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. கண்ணளவு எல்லோரையும் ஏமாற்றும். 15 மில்லி எண்ணெயில் சுமார் 120 கலோரி. அளக்காமல் ஊற்றும் இரண்டு கரண்டி, 500 கலோரிப் பற்றாக்குறையில் பாதியைத் தின்றுவிடும். விடுமுறை நாள்களின் கணக்கு இன்னும் மோசம். ஐந்து நாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி 2,500 கலோரி மிச்சம் பிடித்தவர், மற்ற இரண்டு நாளும் தேவைக்கு மேல் ஆயிரம் ஆயிரமாக உண்டால் வாரம் முழுவதற்கும் மிஞ்சுவது 500. அது 65 கிராம். எந்த மெஷினிலும் தெரியாது.

இரண்டாவது காரணத்தில் யார் மீதும் குற்றமில்லை. உடம்பு சிறுத்தால் அதன் செலவும் சிறுக்கும். ஓய்வில் உடம்பு செலவழிக்கும் கலோரியை மதிப்பிடப் பரவலாகப் பயன்படும் மிஃப்ளின் சூத்திரத்தின்படி, 10 கிலோ குறைந்தவர் சும்மா படுத்திருந்தாலே நாளொன்றுக்கு 100 கலோரி குறைவாகச் செலவழிக்கிறார். லேசான உடம்பைச் சுமந்து நடக்கவும் குறைந்த ஆற்றலே போதும். போதாததற்கு, குறைத்து உண்பவர்கள் தம்மை அறியாமலே அதிகம் உட்காருகிறார்கள். தொடக்கத்தில் 500 ஆக இருந்த பற்றாக்குறை, அதே உணவில் 300-க்கு இறங்கியிருக்கலாம். அப்போது வாரத்துக்கு 270 கிராம்தான் கரையும். அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு 2011-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட கணக்கீடும் இதைத்தான் சொல்கிறது: உணவில் ஒரு நிலையான குறைப்பைச் செய்தால், அதனால் வரக்கூடிய மொத்த எடைக் குறைவில் பாதி நடக்கவே சுமார் ஓராண்டு ஆகும்.

இந்த நேரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை அப்படியே வெட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. பசி முற்றி, வாரக் கடைசியில் அணை உடைகிறது. அதைவிட, முதலில் ஒரு வாரம் எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறிக்க வேண்டும். கசிவு தெரிந்தால் அதை அடைத்தாலே போதும். தெரியாவிட்டால் தினம் 100 முதல் 150 கலோரி குறைக்கலாம், அல்லது 2 கிலோமீட்டர் கூடுதலாக நடக்கலாம். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது உண்டு (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு), வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி செய்தால் கரைவதில் தசையின் பங்கு குறையும். தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், எட்டரை மணி நேரத்துக்குப் பதில் ஐந்தரை மணி நேரம் மட்டும் படுக்கையில் விடப்பட்டவர்களுக்கு, அதே உணவில் கரைந்த கொழுப்பு 55 சதவீதம் குறைவாக இருந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் அசையாவிட்டால் தைராய்டு சோதனை தேவைப்படலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகளும் எடையைக் கூட்டும். அவற்றைத் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் மாற்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீக்கமோ மூச்சிரைப்போ சேர்ந்தால் அதை உணவுக் கணக்கில் தேடக் கூடாது. இதயமோ சிறுநீரகமோ காரணமாகலாம், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறக்குபவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் அபாயமும் உண்டு. அந்தத் தலைப்புகளை நாங்கள் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே எடைக் குறைப்புச் செய்திகளை வெளியிடும்போது, எத்தனை கிலோ என்பதோடு எத்தனை வாரத்தில், எப்படி அளந்தது, ஓராண்டுக்குப் பின் எவ்வளவு நின்றது என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம். மூன்றுக்கும் விடை இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
எடைக் குறைப்பு ஆலோசனைப் பணியில் உள்ள உணவியலாளர்கள்