இடையன்குடி ஆலயத்தின் 150ஆம் ஆண்டு: குழு உறுப்பினர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான இடையன்குடி உறவுகள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

1847இல் கட்டத் தொடங்கி, 33 ஆண்டுகள் கழித்து 1880 ஜூலை 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்ட நமது பரிசுத்த திரித்துவ ஆலயத்திற்கு வரும் 2030இல் 150 வயது நிறைவதால், அதற்குரிய பழைய ஆதாரங்களை இப்போதிருந்தே திரட்டத் தொடங்கலாம் என இக்குழுவின் சார்பில் கேட்டுக்கொள்கிறோம். காலம் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் விவரம் அறிந்த பெரியவர்கள் நமக்காகக் காத்திருக்கமாட்டார்கள்.

1841இல் இவ்வூருக்கு மிஷனரியாக வந்த கால்டுவெல் ஐயர், பின்னாளில் பேராயராகி, 1891இல் கொடைக்கானலில் மறைந்தபோது, அவரது உடல் இங்கே கொண்டுவரப்பட்டு இதே ஆலயத்திற்குள் அடக்கம் செய்யப்பட்டதை வெளியூரார்கூட அறிவர். அவரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், பனையேறிய வருமானத்தில் காணிக்கை கொடுத்தவர்கள், கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார் தொடங்கிய லேஸ் பின்னலைக் கற்ற பெண்கள் ஆகியோரைப் பற்றியே நம்மிடம் எழுத்தில் குறைவாக உள்ளது.

ஆகவே, தங்கள் வீட்டிலுள்ள பழைய புகைப்படங்கள், திருமண அழைப்பிதழ்கள், குடும்ப வேதாகமத்தில் குறித்த ஞானஸ்நானத் தேதிகள், பிரதிஷ்டைப் பண்டிகை மற்றும் அசன விருந்து குறித்த நினைவுகள் இருப்பின், ஊரையும் ஆண்டையும் குறிப்பிட்டு இங்கே பகிரவும். அசல் பிரதிகளை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். படமெடுத்து அனுப்பினால் போதும்.