காலி வண்டிக் கணக்கு

அன்புள்ள முரளிக்கு,

இத்தனை மாதம் பதில் எழுதாதவனை நீ எப்படித் திட்டினாலும் தகும். திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கு அனைவரும் நலம். சுந்தரம் மறுபடியும் வேலை மாறிவிட்டான், வழக்கம்போல் அந்த நிறுவனமே தன்னைக் கெஞ்சி அழைத்ததாகச் சொல்கிறான். சாலைப் போக்குவரத்தின் கரியமில வாயுவைக் கணினியின் துணையோடு குறைக்கும் திட்டமொன்றில் சிக்னல் பிரிவுக்கு நீ பொறுப்பேற்கப் போகும் செய்தியையும் அவன்தான் சொன்னான். மிகவும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் மண் போடத்தான் இப்போது எழுதுகிறேன்.

உன் வேலை சிறிதென்று நான் சொல்லவில்லை. எரிபொருளிலிருந்து வரும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கு போக்குவரத்துடையது, அதிலும் முக்கால் பங்கு சாலையில் ஓடும் வண்டிகளுடையது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.6 கிலோவுக்கும் மேல் வெளிவருகிறது. பாரம் ஏற்றிய வண்டி நின்று நின்று புறப்படும்போது அந்த டீசல் எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதை எங்கள் ஓட்டுநர்களிடம் கேட்டுப் பார். கூகுள் 2023இல் அறிவித்த ‘கிரீன் லைட்’ திட்டம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. சாலையில் புதிய கருவி எதையும் நடாமல், வரைபடச் செயலியில் சேரும் தகவலைக் கொண்டே எந்தச் சந்திப்பில் பச்சை விளக்கின் நேரத்தை எப்படி மாற்றலாம் என்று நகரப் பொறியாளர்களுக்கு அது பரிந்துரைக்கிறது. சந்திப்புகளில் வண்டிகள் நிற்பது 30 சதவீதம் வரையும், அங்கு ஏற்படும் உமிழ்வு 10 சதவீதம் வரையும் குறையக்கூடும் என்பது அந்நிறுவனத்தின் தொடக்கக் கணிப்பு.

இந்த இடத்தில் நம் பெரியவர் இருந்திருந்தால், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “அப்புறம்?” என்று கேட்டிருப்பார். அதையேதான் நானும் கேட்கிறேன். சாலை சீராக ஓடத் தொடங்கியதும், நெரிசலுக்கு அஞ்சி இதுவரை பேருந்தில் போனவர் காரை எடுப்பார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த வேலைக்கு ஒருவர் இன்றே கிளம்புவார். நீ மிச்சப்படுத்திய நொடிகளைப் புதிய வண்டிகள் வந்து நிரப்பிக்கொள்ளும். ஸ்டாக்ஹோமில் 2006இல் சில மாதங்கள் நகருக்குள் நுழையும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் வசூலித்துப் பார்த்தார்கள்; கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனை முடிந்ததும் வண்டிகள் மீண்டும் பெருகின, 2007இல் கட்டணத்தை நிலையாக்கியதும் மறுபடி குறைந்தன. அங்கே இருந்த தொழில்நுட்பம் பெரும்பாலும் எண்பலகையைப் படிக்கும் கேமராவும் கட்டணக் கணக்கும்தான், உன் சிக்னல் மென்பொருளின் அறிவில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு இருக்காது. ஆனாலும் வண்டியை எடுக்கலாமா என்று மனிதன் யோசிக்கும் இடத்திலேயே அது குறுக்கே நின்றது.

சரக்குப் போக்குவரத்தின் கதை வேறு, அதனால்தான் நான் லாரியை விட்டு வர மறுக்கிறேன். அமெரிக்காவில் யுபிஎஸ் என்னும் பார்சல் நிறுவனம் தன் ‘ஓரியன்’ வழித்திட்ட மென்பொருளை 2016 வாக்கில் நாடு முழுவதும் விரித்தபோது, ஆண்டுக்குச் சுமார் 16 கோடி கிலோமீட்டர் ஓட்டமும் 1 லட்சம் டன் கரியமில வாயுவும் மிச்சமாகும் என்று கணக்குக் கொடுத்தது. இந்த மிச்சம் சாலை மிச்சத்தைப் போல எளிதில் கரைந்துபோகாது. வழி சுருங்கிவிட்டது என்பதற்காக எந்த நிறுவனமும் இல்லாத பார்சலைக் கொண்டுபோய்க் கொடுக்காது, டீசல் காசும் அதன் பையிலிருந்துதான் போகிறது.

ஆனால் வழியைச் சுருக்குவதைவிட எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது காலி வண்டி. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே லாரிகள் ஓடும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெறுமனே ஓடுவது; சுமையில்லை என்பதால் டீசல் ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை, நிறைசுமையில் குடிப்பதில் பாதிக்கு மேல் அப்போதும் குடிக்கிறது. ரிட்டர்ன் லோடு, அதாவது திரும்பும் வழிக்கான சுமை, தேடித்தரும் செயலிகளுக்குக் குறைவில்லை, ஒவ்வொரு லாரியும் எங்கே நிற்கிறது என்று ஜிபிஎஸ் நொடிக்கு நொடி சொல்கிறது. இருந்தும் ஏன் வண்டி காலியாகத் திரும்புகிறது? எண்ணெய் டேங்கரில் மூட்டை ஏற்ற முடியாது என்பது போன்ற காரணங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். தன் வாடிக்கையாளர் யார், என்ன வாடகை பேசியிருக்கிறோம் என்பதைப் போட்டியாளருக்குக் காட்ட எந்த முதலாளிக்கும் மனம் வருவதில்லை. திரும்பும் சுமைக்காக அரை நாள் காத்திருந்தால் மறுநாள் சுமை தவறிவிடும் என்ற அச்சம் வேறு. ஆகவே, வாடகையையும் வாடிக்கையாளர் பெயரையும் மறைத்து, இடம், எடை, நேரம் ஆகிய மூன்றை மட்டும் பகிரும் ஒரு பொதுப் பதிவேட்டைச் சில சிறு உரிமையாளர்களோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்னும் அளவுக்கு இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சிக்னல் சீரானதால் மீளும் சாலை இடத்தை என்ன செய்யப்போகிறார்கள் என்பது உன் திட்ட ஆவணத்தில் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? பேருந்துக்குத் தனித்தடம் என்றோ, நடைபாதையை அகலமாக்குவது என்றோ ஒரு வரியாவது இருந்தால் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு. இல்லையென்றால், பொறுப்பேற்கும் முன்பே அதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். ஏற்ற பிறகு கேட்டால் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அன்புடன்,
உன் ரகு