பிங்க் ஃபிளாய்டைக் கெடுத்தது அரசியல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் நடத்திவரும் விவாதத்தையும் படித்தேன். அதன் பாடலாசிரியரும் பேஸ் கிட்டார் கலைஞருமான ரோஜர் வாட்டர்ஸ் தம் அரசியலைப் பாட்டில் திணித்துக் குழுவைக் கெடுத்துவிட்டார் என்று ஒரு தரப்பு எழுதுகிறது. அவர் போன பிறகு மிஞ்சியது அழகான ஓசைதான், உள்ளே சரக்கில்லை என்கிறது மறுதரப்பு. ஆனால் இரு தரப்புமே அரசியலை ஒரு கரையிலும் இசையை மறுகரையிலும் நிறுத்தி, முன்னதற்கு வாட்டர்ஸையும் பின்னதற்குக் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மரையும் காவல் வைத்துவிடுகின்றன. நால்வர் சேர்ந்து செய்துவந்த வேலையை ஒருவரே செய்ய முற்பட்டதுதான் அந்தக் குழுவின் சரிவுக்குக் காரணம் என்பதும், அரசியலுக்கு அதில் பெரிய பங்கு இல்லை என்பதும் என் கருத்து.

வாட்டர்ஸுக்கு அரசியல் புகழ் வந்த பிறகு ஒட்டிக்கொண்ட ஒன்றல்ல. அவர் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, 1944 பிப்ரவரியில், இத்தாலியின் ஆன்ஸியோ போர்முனையில் அவருடைய தந்தை கொல்லப்பட்டார். பதினைந்து வயதில், கேம்பிரிட்ஜில் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தின் இளைஞர் பிரிவுக்கு அவர் தலைவராக இருந்தார். ஆகவே, 'ஒரு காலத்தில் அரசியல் பேசாத வாட்டர்ஸ்' என்று சில வாசகர்கள் ஏக்கத்தோடு நினைவுகூரும் மனிதர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

1977இல் வந்த 'அனிமல்ஸ்' ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். மனிதரை நாய்களாகவும் பன்றிகளாகவும் ஆடுகளாகவும் பிரித்து வைக்கும் அந்த ஆல்பத்தைவிடக் கசப்பான அரசியலை அக்குழு அதுவரை பேசியதில்லை. தொலைக்காட்சி ஒழுக்கத்துக்காகப் போராடிய மேரி வைட்ஹவுஸை ஒரு பாட்டில் பெயர் சொல்லியே தாக்குகிறார்கள். இருந்தும் நாய்களைப் பற்றிய பதினேழு நிமிடப் பாட்டின் முற்பகுதியைப் பாடுபவர் கில்மர்தான். அவருடைய கிட்டார் அந்தச் சொற்களோடு சண்டையிடவும் செய்கிறது, அவற்றைத் தூக்கி நிறுத்தவும் செய்கிறது. கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பெயர் அந்த ஆல்பத்தின் ஆக்கியோர் பட்டியலில் எங்குமே இல்லை என்பதை நான் மறைக்கவில்லை. சரிவு அங்கேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் ஆடுகளைப் பற்றிய பாட்டுக்கு முன்னால் அவர் மின்பியானோவில் தனியாக வாசிக்கும் அந்தச் சில கணங்களை நீக்கிவிட்டால், பின்னால் வரும் சீற்றம் வெறும் கூச்சலாகவே நின்றிருக்கும்.

1983இல் வந்த 'த ஃபைனல் கட்' வேறு கதை. அரசியலில் கோபம் அதே அளவுதான். ஃபாக்லாண்ட் போரும் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரும் அதன் இலக்குகள். ஆனால் ரைட் அதில் இல்லை, ஏனெனில் முந்தைய ஆல்பமான 'த வால்' பதிவின்போதே அவர் வெளியேற்றப்பட்டிருந்தார். (அதையடுத்த மேடைப் பயணத்தில் அவரைச் சம்பளத்துக்கு வாசிக்கவைத்தார்கள், பயணம் நட்டத்தில் முடிந்ததால், நால்வரில் காசு பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பது வேடிக்கை.) கில்மர் ஒரே ஒரு பாட்டில்தான் முதன்மைக் குரல் கொடுக்கிறார், தயாரிப்பாளர் வரிசையில் அவர் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது. ஆக்கம் வாட்டர்ஸ், நிகழ்த்துவது பிங்க் ஃபிளாய்ட் என்று பின்னட்டையே அறிவிக்கிறது. கில்மரின் முதன்மையான ஆட்சேபம் தாட்சரைத் தாக்குவது பற்றியதல்ல. முந்தைய ஆல்பத்துக்குப் போதாதென்று ஒதுக்கிய பாட்டுகள் இப்போது மட்டும் எப்படிப் போதும் என்பதே அவர் கேள்வி. இது ஓர் இசைக்கலைஞர் இன்னொருவரிடம் கேட்ட கேள்வி.

வாட்டர்ஸ் 1985இல் விலகிய பின்னர் வந்த ஆல்பங்களை அரசியல் கலப்பற்ற தூய இசை என்று கொண்டாடும் வாசகர்களுக்கு ஒன்றிரண்டை நினைவூட்ட விரும்புகிறேன். 1994 ஆல்பத்துக்குச் சூட்டிய 'த டிவிஷன் பெல்' என்ற பெயர், வாக்களிக்க வருமாறு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களை அழைக்கும் மணியைக் குறிப்பது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, 1987 முதலான தங்கள் பதிவுகளை ரஷ்யா, பெலாரஸ் நாடுகளின் இணைய இசைச் சேவைகளிலிருந்து அக்குழு விலக்கிக்கொண்டது. 2022 ஏப்ரலில் கில்மரும் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனும், ஆயுதம் ஏந்தத் தாய்நாடு திரும்பிய உக்ரைனியப் பாடகர் ஆண்ட்ரி க்லிவ்நியுக் கீவ் சதுக்கத்தில் பாடிய பாட்டைச் சுற்றிப் புதிய பாட்டொன்றை அமைத்து, குழுவின் பெயரிலேயே வெளியிட்டார்கள். இதைவிட வெளிப்படையான அரசியல் வேறென்ன இருக்கிறது? அவர்கள் செய்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் வாட்டர்ஸ் பேசினால் பிரசாரம், கில்மர் பேசினால் மனிதநேயம் என்று வகைபிரிப்பவர்களிடம், உங்களுக்குப் பிடிக்காதது அரசியலா, அல்லது அந்த ஒரு மனிதரின் அரசியலா என்று கேட்டாக வேண்டும்.

அந்த ஒருவரின் அரசியலில் எனக்கும் உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. 2023 பிப்ரவரியில் ரஷ்யாவின் அழைப்பின் பேரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் பேசிய அவர், படையெடுப்பு சட்டவிரோதமானது என்று கண்டித்தார். அதே மூச்சில் அது தூண்டப்படாதது அல்ல என்றும் சொன்னார். அழைத்தவர் யார் என்பதை மறந்துவிட்டு அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்க என்னால் முடியவில்லை. அதே ஆண்டில் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரில் அவருடைய நிகழ்ச்சியை, யூத வெறுப்புக் குற்றச்சாட்டின் பேரில், ரத்து செய்ய உள்ளூர் நிர்வாகம் முயன்றதும், நீதிமன்றம் அதைத் தடுத்ததும் இன்னொரு விஷயம். நாஜி உடையை நினைவூட்டுவதாகக் குறைகூறப்பட்ட, மேடையில் அவர் அணியும் நீண்ட கறுப்பு மேலங்கி சர்வாதிகாரியாக மாறும் ஒரு பாத்திரத்தின் உடை என்பது 'த வால்' கதையை அறிந்தவர்களுக்குத் தெரியும். அந்த அளவில் தீர்ப்பு சரியே. அதற்காக, பன்றி வடிவ பலூனில் யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரத்தைப் பறக்கவிட்டவர், அதைக் கண்டு புண்பட்ட யூதர்களுக்குக் கலையின் நுட்பம் புரியவில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. அரங்கில் அண்ணாந்து பார்ப்பவருக்கு அடிக்குறிப்பு தெரிவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு நான் சொல்லவந்ததற்குச் சான்று தந்தவர் வாட்டர்ஸேதான். 1973இல் வெளியான 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தின் பாடல்வரிகள் முழுவதும் அவருடையவை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2023இல், அதையே அவர் தனியாக மீண்டும் பதிவுசெய்தார். வரிகள் அவையே. கில்மரின் கிட்டார் தனியிசை நீங்கி, அந்த இடத்தில் வாட்டர்ஸின் உரை வந்திருக்கிறது. ரைட்டின் பியானோவுக்கு மேல் ஒரு பெண்குரல் சொல்லின்றி உயர்ந்து கதறும் அந்தப் பகுதியிலும் இப்போது அவர் பேசுகிறார். முதலில் பொறுமையோடுதான் கேட்டேன். வயதான ஒருவரின் உடைந்த குரலில் சில வரிகள் புதுப்பொருள் கொள்வதையும் மறுக்கமாட்டேன். ஆனால் பாதிக்கு மேல், பேசுவதை அவர் சற்று நிறுத்தினால் தேவலை என்றே தோன்றியது. அதில் அரசியல் கூடவில்லை. எதிரே வாசிப்பதற்கு ஆள்தான் இல்லை.

தங்கள் கட்டுரையோடு வெளியான படத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு. படத்தில் நால்வர் இருக்கிறார்கள். அதன் விளக்கத்தில் வாட்டர்ஸ், கில்மர், மேசன் ஆகிய மூவரின் பெயர்களே உள்ளன. விடுபட்டவர் ரிச்சர்ட் ரைட். 2008இல் மறைந்த அவருடைய பெயரை அடுத்த இதழில் திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்