வாய் திறந்த பிறகுதான் வேலை

அன்புள்ள தங்கைக்கு,

வாய் திறக்க முடியாத பையனுக்குத் தாடை மூட்டு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். "அதோடு எல்லாம் சரியாகிவிடுமா அக்கா?" என்று கேட்டிருந்தாய். வாய் திறக்கும். திறந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளாமல் பார்ப்பது உன் பாடு.

என் மகளும் மோவாய் அடிபட விழுந்தவள்தானே. மோவாய்க் காயம் ஆறிவிட்டது. அடியை வாங்கியது காதோரத்து மூட்டு என்பது வாய் இறுகத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போயிருந்தது. இட்லியைப் பிட்டுப் பல்லிடுக்கில் விரலால் தள்ளுவாள். குழம்புச் சோற்றை மிக்சியில் அடித்துக் கொடுப்போம். கடைவாய்ப் பல்லுக்கு பிரஷ் எட்டாது. சொத்தை விழுந்தாலும் பல் டாக்டரின் கருவி நுழையாது. கல்யாண வீட்டில் பந்திக்கு வரவே மாட்டாள். காய்ச்சலில் அவளுக்குக் குமட்டினால் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

காதுக்கு முன்னால் கீறி, ஒட்டிய எலும்பை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வெட்டியெடுத்து, இடையில் நெற்றிப்பொட்டுத் தசையை வைத்துத் தைத்தார்கள். வாய் திறக்காத பிள்ளைக்கு மயக்க மருந்துக் குழாயை மூக்கு வழியாக, கேமரா பொருத்திய கருவியின் துணையோடு இறக்க வேண்டும். அதில் கைதேர்ந்த மயக்க மருத்துவர் இருக்கிறாரா என்று முதலில் கேள். கத்தியைவிட எனக்கு அதுதான் பயம்.

பிறகு வருகிறது ஐஸ்கிரீம் குச்சி. மரக்குச்சிகளைப் பல்லுக்கு நடுவே அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அழுவான். "பாவம், இன்று ஒரு நாள் விட்டுவிடேன்" என்று உன் மாமியார் பரிந்து பேசுவார். விடாதே. வலி மருந்தை எப்போது கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு, அந்த நேரத்தை ஒட்டிப் பயிற்சியை வைத்துக்கொள். மாதக்கணக்கில் செய்ய வேண்டும். நிறுத்தினால் எலும்பு மறுபடி வளர்ந்து ஒட்டும். இரண்டாம் முறை வெட்டுவது முதல் முறையைவிடக் கடினம்.

இப்போது மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் விடுகிறாள். முறுக்குக் கடிக்கும் சத்தம் கூடம் வரை கேட்கிறது. ஒரு பக்கப் புருவம் சில மாதம் மேலே ஏறவில்லை. மூட்டுக்குப் பக்கத்திலேயே முக நரம்பு ஓடுவதால் அப்படி நேரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மோவாய் மட்டும் இன்னும் சிறியதுதான். மூட்டோடு நின்றுபோன வளர்ச்சியை இந்த அறுவை சிகிச்சை திருப்பித் தராது. தாடை எலும்பை வெட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நீட்டும் சிகிச்சை தனியாக இருக்கிறது.

அவன் குறட்டைவிட்டு நடுவில் மூச்சடைக்கிறானா? அதை இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடு. தாடை சிறுத்து மூச்சு வழி குறுகிய சிலருக்குத் தாடையை நீட்டுவதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா