கொள்ளைநோய் இல்ல சார், செம்மறி ஆடு

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல இங்கிலாந்து யார்க்‌ஷயர்ல இருக்கிற வார்ரம் பெர்சிங்கிற, ஆளில்லாம போன பழைய ஊரைப் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பிளேக் வந்து ஊரே அழிஞ்சு போச்சுன்னு எழுதியிருந்ததைப் பாத்ததும் கை சும்மா இருக்கல, அதான் இந்த லெட்டர்.

பிளேக் வந்தது 1348-49ல. அடி பலமாத்தான் விழுந்துச்சு, ஆனா 1368லயும் அங்க சுமார் 30 வீட்ல ஆள் இருந்திருக்காங்க. ஊரு காலியானது 1500 வாக்குல. உழவு நிலம்னா ஏர் ஓட்ட, விதைக்க, அறுக்கன்னு ஊரே வேணும், அதையே மேய்ச்சலுக்கு விட்டா ரெண்டு மேய்ப்பன் போதும், கம்பளிக்கும் நல்ல விலை, நிலக்காரர் மிச்சம் இருந்த குடும்பங்களையும் கிளப்பிட்டு ஆட்டை விட்டுட்டாரு. அவ்ளோதான் விஷயம். இங்கிலாந்துல இப்படி ஆளில்லாம போன ஊர் 3000க்கு மேல, எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணே இல்லதான், ஆனா எல்லாத்தையும் பிளேக் தலையில கட்டுறது சோம்பேறித்தனம்.

நான் லீட்ஸ்ல வேலை பாத்தப்ப ஒரு தடவை போயிருக்கேன். காரை விட்டுட்டு சேத்துல இருபது நிமிஷம் நடந்து போனா வீட்டம்மா "ஊர் எங்கங்க?"ன்னு கேக்குறாங்க. கூரை இல்லாத ஒரு சர்ச், அப்புறம் வெறும் புல்லு. சாயங்காலம் வெயில் சாய்ஞ்சப்பதான் நிழல் விழுந்து வீட்டு அடித்தடம், தெரு, கொல்லை எல்லாம் மேடு மேடா தெரிஞ்சுது, சிலிர்த்துருச்சு சார். அந்த சர்ச்சை நீங்க ஒரு வரில தாண்டிட்டீங்க, ஆனா ஊரோட கதையே அதுலதான் இருக்கு. ஜனம் பெருகினப்ப பக்கவாட்டுல இழுத்துக் கட்டியிருக்காங்க, குறைஞ்சப்ப அதை இடிச்சுட்டு வளைவுகளை அடைச்சுட்டாங்க, அடைச்ச கல்லு இப்பவும் தெரியும்.

பெரெஸ்ஃபோர்ட், ஹர்ஸ்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1950ல இருந்து 1990 வரைக்கும் வருஷா வருஷம் கோடையில வந்து தோண்டியிருக்காங்க, 40 வருஷம்! அவங்க பேராவது போட்டிருக்கலாம். அங்க கிடைச்ச எலும்புகள்ல சிலதுல கத்தி வெட்டும் தீக்காயமும் இருக்கு, செத்தவங்க எந்திரிச்சு வந்துருவாங்கன்னு பயந்து ஊர்க்காரங்களே வெட்டி எரிச்சிருக்கலாம்னு 2017ல ஆய்வாளர்கள் சொன்னாங்க. பேய்க்கதை எழுத ஆசைன்னா இதை எழுதுங்க, கொள்ளைநோயை விட்டுருங்க.

அடுத்த இதழ்ல ஒரு வரி திருத்தம் போட்டா போதும். அப்புறம் நீங்க போட்ட படத்துல சர்ச்சுக்குப் பின்னாடி மேயுறது என்னன்னு பாத்தீங்களா? செம்மறிதான்.

இப்படிக்கு
உங்க பழைய சந்தாதாரர்,
கோயம்புத்தூர்