எந்த வாட்ச் வாங்கலாம் என்று கேட்டாயே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு அவள் கேட்ட பாடப்பிரிவிலேயே இடம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், அவளிடம் என் வாழ்த்தைச் சொல். நீ இரவுப் பணிக்கு மாறியதுதான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள், பகலில் இருட்டான அறையில் தூங்கு, அலைபேசியை வேறு அறையில் வை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஆட்டம் நடக்கிற நேரமும் உன் வேலை நேரமும் ஒன்றாகிவிட்டன, அலைபேசியை அடிக்கடி எடுத்துப் பார்க்க முடியவில்லை, அணியைப் பின்தொடர ஏதாவது வாட்ச் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். கடிகாரம் என் பைத்தியம், ஆட்டம் உன் பைத்தியம், இரண்டும் சேர்கிற இடத்தில் நீ கேள்வி கேட்டால் சுருக்கமாகப் பதில் எழுத என்னால் முடியாது, பொறுமையாகப் படி.

ரசிகர்களுக்கான வாட்ச் என்று விற்பவை இரண்டு வகை. ஒன்று அணியின் நிறமும் சின்னமும் போட்டது. 2015-ல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கின் அதிகாரபூர்வ நேரக்காப்பாளராக டிஸ்ஸோ என்ற கடிகார நிறுவனம் வந்த பிறகு சில அணிகளுக்கெனத் தனித்தனி மாடல்கள் செய்தார்கள். இதைக் குறைவாக நினைக்காதே. கையில் அணியின் நிறம் இருப்பதைப் பார்த்து முன்பின் தெரியாத ஒருவர் ரயிலில் சிரித்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறார் என்றால் அந்த வாட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது என்பேன். ஆனால் சின்னத்தை மட்டும் ஒட்டிவிட்டு உள்ளே ஆட்டத்துக்கென்று எதுவுமே இல்லாத வாட்ச் எனக்குப் பிடிப்பதில்லை. ஆட்டத்தின் கணக்கு டயலுக்குள் வர வேண்டும். 2014 கால்பந்து உலகக் கோப்பைக்காக ஹூப்லோ என்ற கடிகார நிறுவனம் செய்த வாட்சில் ஸ்டாப்வாட்சின் முள் வட்டமாகச் சுற்றாது, ஒரு வில் போன்ற அளவுகோலில் நகரும். 45 நிமிடம் வரைக்கும் ஒரு பகுதி, அதைத் தாண்டிக் கூடுதல் நேரத்துக்கு இன்னொரு பகுதி, பாதி ஆட்டம் முடிந்ததும் முள் தொடங்கிய இடத்துக்கே துள்ளித் திரும்பிவிடும். கால்பந்து பார்க்கிற ஒருவன் உட்கார்ந்து யோசித்துச் செய்த வாட்ச் அது. நம் கைக்கு எட்டாத விலை, அது வேறு விஷயம்.

உனக்குத் தேவை இரண்டாவது வகை, ஸ்கோர் சொல்கிற வாட்ச். இது ஸ்மார்ட் வாட்சோடு பிறந்த யோசனை என்று பலரும் நினைக்கிறார்கள், இல்லை. 1990-களிலேயே சீகோ நிறுவனம் ஒரு வாட்ச் விற்றது, எஃப்எம் வானொலி அலையில் பாட்டுக்குப் பக்கத்திலேயே ஒளிந்து வருகிற ஒரு துணை அலை வழியாக அது செய்தியும் ஆட்ட முடிவுகளும் வாங்கிக் காட்டும். 2004-ல் மைக்ரோசாஃப்ட்டும் அதே எஃப்எம் வழியைத்தான் எடுத்தது. ஸ்பாட் என்று பெயர், ஃபாசில், சூன்டோ போன்ற நிறுவனங்கள் வாட்சைச் செய்தன, சந்தா கட்டினால் வானிலை, பங்குச்சந்தை, ஸ்கோர் எல்லாம் மணிக்கட்டுக்கு வரும். அந்த வாட்சால் வாங்க மட்டும்தான் முடியும், எதையும் திருப்பி அனுப்ப முடியாது. ரசிகனுக்கு அது போதாதா என்ன? நாம் அணிக்கு என்ன பதில் அனுப்பப்போகிறோம்! ஆனால் அலைபேசி அதே வேலையைப் பெரிய திரையில் செய்ய ஆரம்பித்ததும் அதற்கு இடமில்லாமல் போனது, 2008-ல் விற்பனையை நிறுத்தினார்கள், 2011 இறுதியோடு ஒலிபரப்பும் நின்றது. அதற்குப் பிறகு அந்த வாட்ச்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. நல்ல யோசனை பத்து வருடம் முன்னால் வந்துவிட்டது, எனக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு.

2018 ரஷ்யக் கால்பந்து உலகக் கோப்பைக்கு ஹூப்லோ 'பிக் பேங் ரெஃப்ரி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ரெஃப்ரி என்றால் நடுவர். பார்க்க அவர்களுடைய வழக்கமான வாட்ச் மாதிரியே இருக்கும், 49 மில்லிமீட்டர், டைட்டானியம் உடல், உள்ளே ஸ்மார்ட் வாட்ச். ஆட்டம் தொடங்க 15 நிமிடம் இருக்கும்போது சொல்லும், அப்புறம் கோல், அட்டை, ஆள் மாற்றம் என்று ஒவ்வொன்றையும் சொல்லும், கோல் விழுந்தால் அதிரும். 2018 உலகக் கோப்பை என்பதால் மொத்தம் 2018 வாட்ச்கள்தான் செய்தார்கள். ரெஃப்ரி என்ற பெயர் சும்மா வைத்ததில்லை, மைதானத்தில் நடுவர்கள் கையிலும் அந்த வாட்ச் இருந்தது.

நடுவர் வாட்ச் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், உன் கேள்விக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்து வெளியே வந்தது, உலகமே பார்த்தது, நடுவருக்குத் தெரியவில்லை, உனக்கு நன்றாக நினைவிருக்கும். அதற்குப் பிறகு கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு 2012-ல் அனுமதி கொடுத்தபோது, பந்து கோட்டைத் தாண்டியதா என்பதை ஒரே வினாடிக்குள் நடுவருக்குச் சொல்ல வேண்டும், அது அவர் கைக்கடிகாரத்தில் அதிர்வாக வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். விசில், ஓட்டம், எண்பதாயிரம் பேர் கூச்சல், இவ்வளவுக்கும் நடுவில் ஒரு மனிதனுக்கு ஒரு செய்தி தவறாமல் போய்ச் சேர வேண்டுமென்றால் கண்ணும் காதும் போதாது, தோலைத்தான் தொட வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். 2014-ல் பிரான்ஸ் – ஹோண்டுராஸ் ஆட்டத்தில் உலகக் கோப்பையில் முதல் முறையாக அப்படி ஒரு கோல் முடிவானது.

அதிராமல் போன ஆட்டமும் ஒன்று உண்டு. 2020 ஜூன் 17, கொரோனா இடைவெளிக்குப் பின் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து திரும்பிய முதல் ஆட்டம், ஆஸ்டன் வில்லாவும் ஷெஃபீல்டு யுனைடெட்டும். வில்லாவின் கோல்கீப்பர் பந்தைப் பிடித்தபடியே கோட்டுக்குப் பின்னால் போய்விட்டார், ஷெஃபீல்டு ஆட்டக்காரர்கள் கத்தினார்கள், நடுவர் தன் வாட்சைக் காட்டினார், அது அதிரவில்லை, ஆகவே கோல் இல்லை. 0-0. அந்த கோல் வாயைப் பார்க்கிற ஏழு கேமராக்களையும் ஆட்களும் கம்பமும் மறைத்துவிட்டன, 9,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இப்படி நடந்ததே இல்லை என்று அந்தத் தொழில்நுட்பத்தை நடத்துகிற ஹாக்-ஐ நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்த 0-0-வில் கிடைத்த ஒரு புள்ளியையும் சேர்த்து சீசன் முடிவில் வில்லா 35 புள்ளியோடு தப்பித்தது, 34 புள்ளி எடுத்த போர்ன்மவுத் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. போர்ன்மவுத் ரசிகன் ஒருவன் அந்த வாட்சை என்னவென்று நினைப்பான்!

இப்போது உன் கைக்கு வருவோம். நடுவருக்கு ஒரு வினாடி என்றால் நமக்கு வருகிற பாதை நீளம். மைதானத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் ஒவ்வொரு நிகழ்வையும் பதிகிறார், அது தரவு நிறுவனத்துக்குப் போகிறது, அங்கிருந்து செயலிக்கு, அப்புறம் உன் அலைபேசிக்கு, அதிலிருந்து புளூடூத் வழியாக வாட்சுக்கு. இவ்வளவு சுற்றி வந்தாலும் இணையத்தில் வருகிற நேரலைப் படத்தை அது பெரும்பாலும் முந்திவிடும். ஏனென்றால் இணைய ஒளிபரப்பு படத்தைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது, நம் பெட்டி இடையில் தடங்கல் இல்லாமல் இருக்க இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறது. நீ படத்தில் பெனால்டிக்காக ஓடி வருகிறவனைப் பார்த்துக்கொண்டிருப்பாய், கை அதிரும், முடிந்தது. ஆகவே ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கிற நாளில் வாட்சின் அறிவிப்பை அணைத்துவிடு. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பார்க்க முடியாத நேரத்துக்குத்தான் அந்த வாட்ச்.

ஆட்டத்துக்கு ஆட்டம் இது எவ்வளவு பொருந்துகிறது என்பதும் மாறும். கால்பந்துக்கு வாட்ச் மிகவும் பொருத்தம், இரண்டு எண், ஒரு நிமிடக் கணக்கு, தொண்ணூறு நிமிடத்தில் சில அதிர்வுகள். கூடைப்பந்துக்குப் பொருந்தாது, ஒவ்வொரு புள்ளிக்கும் அதிர்ந்தால் கழற்றி எறிந்துவிடுவாய், கால்பகுதி முடிவுகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கிரிக்கெட்தான் சிக்கல். ஓட்டம், விக்கெட், ஓவர், இலக்கு, எல்லாம் ஒன்றாகத் தெரிந்தால்தான் நிலைமை புரியும், அந்தச் சின்னத் திரையில் அது நெருக்கடி. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள். கடைசி ஓவரில் நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து ஓடி வந்து விழுந்த இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடியது, ஒரே பந்தில் ஆறு ஓட்டம். வாட்சில் அது வெறும் ஆறு, சிக்ஸர் என்றுதான் நினைப்போம். அப்புறம் 241-க்கு 241, சூப்பர் ஓவரில் 15-க்கு 15, யார் ஜெயித்தது? 26 பவுண்டரி அடித்த இங்கிலாந்து, 17 அடித்த நியூசிலாந்து இல்லை. இதையெல்லாம் எந்த வாட்ச் திரை சொல்லும்? என்ன நடந்தது என்று வாட்ச் சொல்லும், எப்படி நடந்தது என்று சொல்லாது. அதற்கு வானொலி வேண்டும், அல்லது உன்னைப் போல ஒரு நண்பன் வேண்டும்.

வானொலி என்றதும் அப்பாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை, நீயும் அவரை விசாரித்திருந்தாய். உடம்பு நன்றாகவே இருக்கிறார், காதுதான் மிகவும் குறைந்துவிட்டது. வர்ணனை கேட்டே வாழ்நாள் முழுக்க கிரிக்கெட் பார்த்தவர் அவர், நீயும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன்தான். கேட்கும் கருவி வைத்தாலும் வர்ணனையாளர் குரலும் கூட்டத்தின் இரைச்சலும் ஒன்றாகக் குழம்புகின்றன என்று ஒரு கட்டத்தில் வானொலியை மூடியே வைத்துவிட்டார். தொலைக்காட்சியில் இணைய நேரலையை ஓடவிட்டுச் செய்தித்தாள் படிப்பார், விக்கெட் விழுந்தால் முன்பு சத்தம் காட்டிக்கொடுக்கும், இப்போது தெரியாது, ஸ்கோரைப் பார்த்த பிறகு யார் அவுட், எப்படி அவுட் என்று எங்களைக் கேட்பார். அதனால் அவருக்கு ஒரு சாதாரண ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டேன். எல்லா அறிவிப்புக்கும் அது ஒரே மாதிரிதான் அதிர்கிறது, எதற்கு அதிர்ந்தது என்று கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, ஆகவே குறுஞ்செய்தி, அழைப்பு, டாஸ், அரை சதம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விக்கெட்டுக்கு மட்டும் வைத்தோம். இப்போது கை அதிர்ந்தால் விக்கெட், வேறு பொருளே இல்லை. நான் மேலே குறை சொன்னேன் அல்லவா, படத்தை வாட்ச் முந்துகிறது என்று, அதுவே அவருக்கு வசதியாகிவிட்டது. அதிர்ந்ததும் செய்தித்தாளை இறக்கி வைத்து நிமிர்ந்து பார்க்கிறார், பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடி வருகிறார், ஸ்டம்ப் பறப்பதை முழுசாகப் பார்க்கிறார். "வா வா, வரப்போகுது" என்று எங்களையும் கூப்பிடுகிறார். வீட்டில் எல்லோருக்கும் அவர்தான் இப்போது வர்ணனையாளர்.

இதைப் பார்த்த பிறகுதான் உனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கே தெளிவானது. விலை, திரை, பிராண்ட் எல்லாம் அப்புறம். எந்த அணி, அந்த அணியில் எந்த நிகழ்வு நடந்தால் உன் கையைத் தொடலாம் என்று முதலில் முடிவு செய். கோலும் இறுதி முடிவும் மட்டும் போதும் என்பது என் எண்ணம். மஞ்சள் அட்டை, மூலை உதை, ஆள் மாற்றம் எல்லாம் வேண்டாம், வேலை நடுவில் கை அதிரும்போது நெஞ்சு துள்ள வேண்டும், எரிச்சல் வரக் கூடாது. ஆப்பிள் வாட்ச் வைத்திருந்தால் 2024-ல் வந்த வாட்ச்ஓஎஸ் 11 முதல் ஐபோனில் ஓடுகிற நேரலை ஸ்கோர் தானாகவே வாட்சிலும் தெரியும், மணிக்கட்டைத் திருப்பினால் போதும். பேட்டரி நாள் கணக்கில் போகாமல் வாரக் கணக்கில் போக வேண்டுமென்றால் எப்போதும் வெளிச்சம் வீசாத, வெயிலில் நன்றாகத் தெரிகிற திரை உள்ளதைப் பார், ஸ்கோர் மாறும்போது மட்டும் அதற்கு வேலை, படம் அழகாக இருக்காது, உனக்கு அது தேவையும் இல்லை. அணியின் நிறத்தில் ஸ்ட்ராப் தனியாக வாங்கிப் போட்டுக்கொள், சின்னம் போட்ட டயல் படத்தையும் பெரும்பாலான வாட்சில் நாமே வைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் ஒன்று மட்டும் பார்த்துக்கொள். பணியிடத்தில் அலைபேசியை லாக்கரில் வைக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். புளூடூத் சில அறைகளைத் தாண்டாது, அலைபேசி தூரத்தில் இருந்தால் அந்த வழியாக வாட்சுக்கு எதுவும் வராது, வைஃபையில் சேரக்கூடிய அல்லது தனக்கென்று சிம் உள்ள மாடலாக இருந்தால்தான் தப்பிக்கும். ஆனால் வாட்சுக்கே அனுமதி உண்டா என்று மேலாளரிடம் முதலில் கேள். கிரிக்கெட்டில் ஆட்டக்காரர்களுக்கே அனுமதி கிடையாது, 2018-ல் லார்ட்ஸ் டெஸ்ட்டில் பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் சிலர் ஸ்மார்ட் வாட்ச் கட்டி வந்ததைப் பார்த்த ஐசிசி ஊழல் தடுப்பு அதிகாரி கழற்றச் சொன்னார். உனக்கும் மறுத்தால் வருத்தப்படாதே, ஆட்டம் நடக்கும்போது எந்த அறிவிப்பும் பார்க்காமல் இருந்து காலையில் முழு ஆட்டத்தையும் முடிவு தெரியாமல் பார்ப்பதும் ஒரு சுகம்தான், அதற்கு அணி நிறத்தில் ஒரு சாதாரண முள் வாட்ச் போதும்.

உன் அலைபேசி எந்த மாடல், மணிக்கட்டு அளவு எவ்வளவு என்று எழுது, பொருந்துகிற இரண்டு மூன்றைப் பார்த்துச் சொல்கிறேன். நீ சுழற்சி விடுப்பில் வரும்போது அப்பாவோடு ஒரு ஆட்டம் உட்கார்ந்து பார், உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மகள் விடுதியில் சேருகிற தேதியையும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்