அப்பாவின் கண்களை ஈரமாக வைத்திருந்தவருக்கு

வேலப்பாடி மக்களுக்கும், அப்பாவிடம் படித்த எல்லோருக்கும் வணக்கம்.

பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அப்பா கோட்டை மைதானத்தில் நடந்துவிட்டு வந்துவிட்டார் என்றே இன்னும் தோன்றுகிறது. கடைசி மூன்று வாரம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும், கூடவே இருந்தவர்கள் நீங்கள். அதனால் அதையெல்லாம் திரும்ப எழுதவில்லை.

முதல் நன்றி எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தம்பிக்கு.

அப்பா போன அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கும் சுவர் சுட்டது. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கூடம் முழுக்க ஆட்கள். அவர் உள்ளே வந்தார், அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார், நேராகப் போய் ஃபேனை நிறுத்தினார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "இத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க, என்னப்பா இது?" என்று கத்தியே விட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, சாரு கண்ணு எழுதி வச்சிருக்காரு இல்ல? காத்து பட்டா காஞ்சிப்பூடும்."

எழுதித்தான் வைத்திருந்தார். சாட்சிக் கையெழுத்து போட்டதே நானும் என் தம்பியும். பென்ஷன் புத்தகத்துக்கு அடியில் அந்தக் கண்தானப் படிவம் இருந்தது. அழுகையில் எங்கள் இருவருக்குமே அது நினைவுக்கு வரவில்லை. உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும், அதில் ஒன்றரை மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டது.

அவரே அப்பாவின் இமைகளை மூடினார். தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்தினார். சுத்தமான தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்மேல் வைத்தார். என் தம்பி கண் வங்கிக்குப் போன் செய்ய, அவர்கள் வந்து சேரும்வரை இஸ்திரி வண்டித் தம்பி தலைமாட்டிலேயே உட்கார்ந்து பஞ்சைத் திரும்பத் திரும்ப நனைத்துக்கொண்டிருந்தார். வியர்வை அவர் முகத்தில் வழிந்தது, துடைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மறுநாள்தான் கேட்டேன். எட்டாம் வகுப்பில் அப்பா சொன்னதாம். மந்தாரை இலையில் மடித்து ஆட்டுக்கண் வாங்கிவந்து, பிளேடால் அறுத்து, உள்ளே இருந்த லென்ஸை எடுத்துச் செய்தித்தாள் மேல் வைத்தாராம். எழுத்து பெரிதாகத் தெரிந்ததாம். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் இவர்தான். கண்ணுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி மாதிரியான படலத்தைக் காட்டி, "இதுல ரத்தக் குழாயே கிடையாது. செத்த பிறகு எடுத்து இன்னொருத்தருக்கு வைக்கலாம்" என்று சொன்ன அப்பா, ஃபேன், பஞ்சு, தலையணை எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அதை முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். அப்பா அவருடைய வண்டியில் சட்டை கொடுக்காத வாரம் கிடையாது. அவர் அப்பாவின் மாணவர் என்று எனக்குத் தெரியாமலே இருந்துவிட்டது.

"91 வயசுக் கண்ணு யாருக்கு ஆகும்?" என்று ஓர் உறவினர் கேட்டார். கண்தானத்துக்கு வயது வரம்பு கிடையாது, புரை அறுவை செய்துகொண்டவரும் கொடுக்கலாம் என்று கண் வங்கியிலிருந்து வந்தவர்களே பொறுமையாகச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அப்பாவின் முகம் மாறவே இல்லை. யாருக்கு வைப்பார்கள் என்று சொல்ல மாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை.

அப்பாவின் வாழ்க்கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. காவலூர் வானியல் ஆய்வகத்தில் 93 அங்குலத் தொலைநோக்கி வந்த 1986-இல், ஆலங்காயம் வழியாகப் பிள்ளைகளை பஸ்ஸில் மலைக்கு அழைத்துப் போனது. ஓய்வு பெற்ற பிறகு, பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தில் ராத்திரி வகுப்பு எடுத்தது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது, அந்த வயதிலும் பாலத்துக்குப் போய்ப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தது. இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். அதற்கு வெளியே, எந்தெந்தத் தெருவில் யார் யாரிடம் அப்பா இருக்கிறாரோ!

ராத்திரி பகல் பார்க்காமல் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாத பக்கத்து வீட்டு அத்தைக்கும், நாற்காலி போட்டு, தண்ணீர் கேன் சுமந்த பையன்களுக்கும், ஓய்வூதியர் சங்கத்துப் பெரியவர்களுக்கும், குடியாத்தத்திலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் வெயிலில் வந்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மனம் இன்னும் ஒரு நிலையில் இல்லை.

நானும் என் தம்பியும் கண்தானப் படிவம் எழுதிவிட்டோம். இந்த முறை எங்கள் பிள்ளைகளிடமும், இஸ்திரி வண்டித் தம்பியிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.

அப்புறம் ஒன்று. வருடத்தில் இரண்டு நாள் நம் ஊரில் உச்சி வேளையில் நிழல் விழாது. ஏப்ரலில் வந்த நாளில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிள்ளைகளுக்குக் காட்டினார். அடுத்தது ஆகஸ்ட் 18. மாடியில் அதே குச்சியை நான் நடுகிறேன். பகல் 12.17 வாக்கில் நிழல் காலடியில் மறையும், பன்னிரண்டு மணிக்கே பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள். குச்சி நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு அப்பாவின் மேசை டிராயரில் இருக்கிறது. அதைப் பிடிக்கத் தான் வருவதாக இஸ்திரி வண்டித் தம்பி சொல்லியிருக்கிறார்.